சிக்கனமும் நாணயமும்: பொட்டிக்கும் பழந்துணிக் கடையும் நமக்குச் சொல்லும் பாடம்



ஜவுளிக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. "ஆட்கள் வருகிறார்கள், துணியைத் தொட்டுப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள்." போனவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், உடனே எல்லோரும் செல்போனைக் கைகாட்டுகிறோம். ஆன்லைன் வியாபாரமும் பெரு நிறுவனங்களும் நம்மைப் பாதிப்பது உண்மைதான். 2012இல் பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது நாம் கடையடைத்துப் போராடினோம். ஒவ்வோர் ஆண்டும் மே 5 வணிகர் தினத்தில் இதைப் பற்றிப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும்.

ஆனால், நம்மைவிடப் பெரியவர்களிடம் மட்டும் நாம் வாடிக்கையாளரை இழக்கவில்லை. நம்மைவிடச் சிறிய கடைகளிடமும் இழக்கிறோம். அவற்றில் ஒன்று நம்மைவிட இரண்டு மடங்கு விலை சொல்லும் பொட்டிக். இன்னொன்று, அடுத்தவர் உடுத்திய துணியை விற்கும் கடை. இன்றைய பிள்ளைகள் அதைத் 'திரிஃப்ட்' என்கிறார்கள். விலை கூடுதலான கடைக்கும் போகிறார்கள், பழைய துணிக் கடைக்கும் போகிறார்கள், நடுவில் இருக்கும் நம்மைத் தாண்டிப் போகிறார்கள் என்றால், விலை ஒன்றே காரணமாக இருக்க முடியாது. இதை நேரில் பார்த்துவிடுவோம் என்று, ஜவுளி வியாபாரத்தில் இருக்கும் நாங்கள் மூவர் ஒரு வெள்ளி, சனி இரண்டு நாளும் சென்னையில் வாடிக்கையாளர்களாகச் சுற்றி வந்தோம். குறை கண்டுபிடிக்கப் போகவில்லை. கற்றுக்கொள்ளத்தான் போனோம். கண்டதை உள்ளபடி இங்கே வைக்கிறோம்.

முதலில் ஒரு சொல். பொட்டிக் என்றால் ஏதோ பாரிஸ் நகரத்துப் புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி, இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் உள்ளூர்க்காரர் வைத்திருக்கும் சிறு கடைக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது என்று குறித்திருக்கிறது. அதாவது நம் தாத்தா காலத்துக் கடைத்தெருவின் சின்னக் கடைகளைத்தான் வெள்ளைக்காரர்கள் பொட்டிக் என்றார்கள். இன்று அதே பெயர் நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலையில் கண்ணாடிக் கதவுடன் நிற்கிறது. பெயர் நம்முடையதாக இருந்தது. அந்தச் சின்னக் கடையின் குணமும் நம்முடையதாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தில் நாங்கள் நுழைந்த ஒரு பொட்டிக், நம் கிடங்கு அறை அளவுகூட இல்லை. மொத்தம் அறுபது, எழுபது உடுப்புகள் தொங்கின. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. உள்ளே போனதும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "எந்த ரேஞ்சில் பார்க்கிறீங்க?" என்பதல்ல. "யாருக்கு எடுக்கிறீங்க? எந்த விசேஷத்துக்கு?" என்பதுதான். மகளுக்கு என்றோம். வயது, உயரம், நிறம், வேலைக்குப் பேருந்தில் போகிறவளா என்று எல்லாம் விசாரித்துவிட்டு மூன்றே மூன்று குர்தாக்களை எடுத்துப் போட்டார். "அளவு சரியில்லையென்றால் கொண்டுவாங்க, பிரித்துத் தைத்துத் தருகிறோம்" என்றார். விலை 2,400 ரூபாய்.

துணியைக் கையில் வாங்கிப் பார்த்தோம். எங்களுக்குத் தெரியாத துணியா? கோடவுன் தெருவில் நம் மொத்த வியாபாரிகள் மீட்டர் கணக்கில் விற்கும் அதே கைத்தறிப் பருத்திதான். மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் துணிக்கு ஐந்நூறு, தையல் கூலிக்கு இன்னொரு ஐந்நூறு என்பது எங்கள் கணக்கு. வாடகை, மின்சாரம் போக மீதி எல்லாம் எதற்கு? அந்தக் கேள்விக்கும், அந்த அரை மணி நேரத்துக்கும், பிரித்துத் தைத்துத் தருகிறோம் என்ற வாக்குக்கும்தான். பக்கத்து அலமாரியில் கண்டாங்கிப் புடவைத் துணியில் தைத்த மேல்சட்டை இருந்தது. காரைக்குடிக் கண்டாங்கி 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மதுரைச் சுங்குடி 2005இலேயே பெற்றுவிட்டது. நம் கடைகளில் இவை 'காட்டன் புடவை' என்ற ஒரே அடுக்கில் பெயரில்லாமல் கிடக்கின்றன. பொட்டிக்கில் ஊர்ப் பெயரோடும் நெசவுக் கதையோடும் தொங்குகின்றன. சரக்கு நம்முடையது. அதைப் பற்றிச் சொல்லும் வாய் மட்டும் அவர்களுடையது.

அன்று மாலையே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். பழைய மின்விசிறி, பழைய மிதிவண்டி, செடி, புறா என்று எல்லாம் விற்கும் சந்தை. ஓரிடத்தில் தார்ப்பாய் விரித்து, துவைத்துத் தேய்த்த சட்டைகளை அடுக்கி வைத்திருந்தார் ஒரு பெரியவர். எங்களில் ஒருவர் கட்டம் போட்ட ஒரு சட்டையைக் கையில் எடுத்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சட்டையை வாங்கித் திருப்பிக் காட்டினார்: "காலர்ல ஒரு இடம் நைஞ்சிருக்கு, பாத்துக்கங்க ஐயா. அதனாலதான் அறுபது. இல்லன்னா நூறு சொல்லுவேன்."

மறுநாள் நகருக்குள் இளைஞர்கள் நடத்தும் ஒரு பழந்துணிக் கடைக்குப் போனோம். குளிர்சாதனம், நல்ல விளக்கு எல்லாம் உண்டு. அங்கேயும் அதே வழக்கம்தான், கொஞ்சம் நாகரிகமாக. ஒவ்வோர் உடுப்பிலும் ஒரு சீட்டு தொங்குகிறது. 'ஒரு பொத்தான் மாற்றியது', 'இடது கையில் சிறு கறை, துவைத்தும் போகவில்லை', 'இருமுறை உடுத்தியது' என்று கையால் எழுதியிருக்கிறார்கள். வாங்க வந்த பிள்ளைகள் அந்தச் சீட்டைப் படித்துவிட்டுத்தான் விலையைப் பார்க்கிறார்கள்.

திரிஃப்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் சிக்கனம் என்று பொருள். நம் ஊர்களில் 'பணியாளர் சிக்கன நாணயக் கூட்டுறவுச் சங்கம்' என்ற பெயர்ப் பலகையைப் பார்க்காதவர் இல்லை. அந்தப் பெயரை வைத்தவர்கள் சிக்கனத்தை மட்டும் வைக்கவில்லை, நாணயத்தையும் பக்கத்திலேயே வைத்தார்கள். அந்தச் சந்தைப் பெரியவரிடம் சிக்கனம் தேடி வருகிறவருக்கு நாணயமும் சேர்ந்து கிடைக்கிறது. குறையைச் சொல்லி விற்கிறார். நம் கடையில் குறையைக் கண்டுபிடிக்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பாக இருக்கிறது.

பழைய துணி நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று சிலர் சொல்வார்கள். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழி நம்முடையதுதான். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் தலைச்சுமையோடு நம் தெருக்களில் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பழைய சரிகைப் பட்டுப் புடவையை எடைபோட்டு வாங்கும் கடைகள் இன்றும் சென்னையில் உண்டு. 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழைய பொருள் வாங்கியதைப் பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். எனவே வழக்கம் புதிதல்ல. வாங்குகிறவர் கூச்சப்பட்டது போய், இப்போது பெருமைப்படுகிறார் என்பதே புதிது.

இன்னொரு வகைக் கடையையும் சொல்ல வேண்டும். 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' கடைகள். திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் எடுப்பவர்கள், தைக்கும்போது சேதாரம் வரும் என்பதற்காகக் கேட்ட எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாக வெட்டுவார்கள். ஆர்டர் முடிந்ததும் மீதம் நிற்கும் நல்ல சரக்கு ஒன்று. பரிசோதனையில் கழித்த 'செகண்ட்ஸ்' இன்னொன்று. இரண்டும் காதர்பேட்டை போன்ற இடங்கள் வழியாக நம் நகரங்களுக்கு வருகின்றன. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் மூன்றாவது ஒன்று உண்டு. உள்ளூரில் தைத்து, வெளிநாட்டு லேபிளைப் போலியாகப் பதித்து, சர்ப்ளஸ் என்று விற்பது. செகண்ட்ஸைச் செகண்ட்ஸ் என்று சொல்லி விற்பவர் வியாபாரி. அதையே முதல் தரம் என்று விற்பவரை வியாபாரி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் நமக்குள்ளேயும் இருக்கிறார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம். சுற்றி வந்த எங்கள் மூவரில் ஒருவர், ரயிலில் திரும்பும்போது மனம் விட்டுச் சொன்னார். தீபாவளி முடிந்த பத்தாம் நாள், அவர் கடைக்கு ஓர் அம்மாள் ஒரு சட்டையைக் கொண்டுவந்திருக்கிறார். 640 ரூபாய்ச் சட்டை. முதல் சலவையிலேயே சாயம் இறங்கி, கூட நனைத்த வேட்டியும் வீணாகிவிட்டது. கல்லாவில் இருந்த பையன் வாயைத் திறக்காமல் சுவரைக் கைகாட்டியிருக்கிறான். 'ஒருமுறை விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது.' அந்த அம்மாள் சண்டை போடவில்லை. சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். நம் உறுப்பினர் உள்ளே கணக்கெழுதிக்கொண்டே இதைப் பார்த்திருக்கிறார். கூப்பிடவில்லை.

தை மாதம் அந்த அம்மாளின் கணவர் மகள் கல்யாணப் பத்திரிகையோடு கடைக்கு வந்திருக்கிறார். ஒரே தெருக்காரர், தகப்பனார் காலத்திலிருந்து வாடிக்கை. "புடவையெல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டாராம். "எடுத்தாச்சு" என்றாராம் அவர். எங்கே என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "640 ரூபாயை மிச்சம் பிடித்தேன், ஒரு கல்யாண ஜவுளியைத் தொலைத்தேன். பணத்தைவிட, அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியாமல் பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் நண்பர். இதைக் கேட்டபோது மற்ற இருவருக்கும் அவரவர் கடைச் சுவர் நினைவுக்கு வந்தது. மூவர் கடையிலும் அதே பலகைதான்.

அந்தப் பலகை நியாயமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். சட்டப்படி அது செல்லுமா? செல்லாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதுள்ள சரக்கைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் காலவரம்பு குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள்ளும், குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் திரும்பப் பெற வேண்டும். பில் கொடுக்காமல் விற்பதும் அதே சட்டத்தில் முறையற்ற நடவடிக்கைதான். மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்று வருவோருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அது நம் விருப்பம். பழுதுக்குப் பொறுப்பேற்பது நம் விருப்பமல்ல, கடமை. எனவே சுவரில் அந்தப் பலகையை மாட்டியிருக்கும் ஒவ்வொரு கடையும், தன்மேல் வழக்குப் போடத் தானே சாட்சி எழுதி மாட்டியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

பொட்டிக்காரர்களும் பழந்துணிக்காரர்களும் எல்லாவற்றிலும் ஒழுங்கு என்று நாம் சொல்லவில்லை. வீட்டிலிருந்தபடி செல்போன் வழியாக விற்கும் பலர் பில்லே தருவதில்லை. கடை வாடகை, உரிமம், வரி என்று நாம் கட்டும்போது அவர்கள் மட்டும் விலகி நிற்பது நியாயமில்லை. விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் சரக்கு விற்பவர் யாராயினும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். பழைய பொருள் வியாபாரிக்குச் சட்டமே சலுகை கொடுத்திருக்கிறது. ஜி.எஸ்.டி. விதி 32(5)இன்படி, உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளாமல் வாங்கிய பழைய பொருளை, அதன் தன்மை மாறாமல் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். இவ்வளவு இருக்கும்போது பில் போடத் தயங்கக் காரணமில்லை.

பொட்டிக்காரர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று ஆகிவிட்டது. 2,500 ரூபாய்க் குர்தாவுக்கு வரி 125 ரூபாய், 2,600 ரூபாய்க் குர்தாவுக்கு வரி 468 ரூபாய். நாங்கள் பார்த்த குர்தா 2,400இல் நின்றதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். இந்தக் கோட்டின் இருபுறமும் நம் கடைச் சரக்கும் இருக்கிறது. இதில் அவர்களும் நாமும் சேர்ந்தே குரல் கொடுக்க முடியும்.

வெளிநாட்டுப் பழந்துணி பேல் பேலாக வந்து நம்மை அழித்துவிடும் என்ற அச்சமும் நம்மிடையே உண்டு. கென்யாவில் 'மிட்டும்பா' என்று அழைக்கப்படும் மேல்நாட்டுப் பழந்துணிச் சந்தைகள் பெரிதாக வளர்ந்தன. ருவாண்டா 2016இல் பழந்துணிக்கு இறக்குமதி வரியை உயர்த்தியதற்காக, அமெரிக்கா 2018இல் அந்நாட்டு ஆடைகளுக்கு அளித்திருந்த வரிச் சலுகையை நிறுத்தியது. நம் நாட்டில் உடுத்திய துணியை அப்படியே இறக்குமதி செய்து விற்கக் கட்டுப்பாடு உண்டு, உரிமம் வேண்டும். கிழித்துச் சிதைத்த கந்தலாக வருவது பானிபட் போன்ற இடங்களில் நூலாகிக் கம்பளியாகிறது. இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டிப்பாக நடத்தும்படி அரசைக் கேட்போம். ஆனால் நம் ஊர்ப் பிள்ளை தன் அலமாரியைக் காலி செய்து நாலு சட்டை விற்பதையும், உரிமமில்லாமல் இறங்கும் பேலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

இனி நாம் செய்ய வேண்டியவை. எங்கள் மூவருக்கும் தோன்றியவற்றை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: அந்தப் பழைய பலகையைக் கழற்றுவோம். 'பழுதிருந்தால் 30 நாளுக்குள் பில்லுடன் வாருங்கள். அளவு சரியில்லையென்றால் 7 நாளுக்குள் மாற்றித் தருகிறோம்' என்று எழுதி மாட்டுவோம்.

இரண்டு: தேங்கிய சரக்கையும் சிறு குறையுள்ள சரக்கையும் ஆடித் தள்ளுபடிக் குவியலில் நல்லதோடு கலக்காமல், தனி அலமாரியில் வைத்து, குறையைச் சீட்டில் எழுதி விற்போம். குறை தெரிந்து வாங்கியவர் திரும்பி வந்து நம்மைக் குற்றம் சொல்ல மாட்டார்.

மூன்று: கடைக்கு அருகில் இருக்கும் தையற்காரர் ஒருவரோடு பேசி வைத்து, கால் மடிப்பது, பக்கம் பிடிப்பது போன்ற சிறு வேலைகளைக் கடையிலேயே முடித்துக் கொடுப்போம். அவருக்கும் பிழைப்பு, நமக்கும் பெயர்.

நான்கு: பள்ளிச் சீருடை விற்பவர்கள், பிள்ளைக்குச் சிறிதாகிப்போன நல்ல சீருடைகளை ஜூன் மாதத்தில் வாங்கி வைத்து, துவைத்து, தேவைப்படும் குடும்பத்துக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். பழந்துணி வியாபாரத்தை நாமே நாணயமாகத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஐந்து: மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முழு பீஸ் எடுத்தால்தான் தருவோம், சைஸ் செட்டை உடைக்க மாட்டோம் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பத்து மீட்டர் கேட்டு வரும் பொட்டிக்கார அம்மாளைச் சின்ன வியாபாரம் என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவர் ரொக்கம் தருகிறவர், அடுத்த மாதமும் வருகிறவர்.

ஆறு: விற்பனைப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தத்தால், பணியாளர்களுக்கு இருக்கை தருவது கட்டாயமாகிவிட்டது. பத்து மணி நேரம் நின்று கால் வீங்கியவரிடம் 'யாருக்கு எடுக்கிறீர்கள்?' என்ற கேள்வியை எதிர்பார்க்க முடியாது.

பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே பேணி நடப்பதே வணிகருக்கு நல்ல வணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லி வைத்தார். அந்தக் குறளை நம்மில் பலர் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறோம். விற்ற சரக்கைத் திரும்பப் பெற மாட்டோம் என்ற பலகையையும் அதே சுவரில்தான் மாட்டியிருக்கிறோம். இரண்டும் ஒரே சுவரில் இருக்க முடியாது.

ரயிலில் மனம் விட்டுப் பேசிய நண்பர், ஊருக்கு வந்த மறுநாளே பலகையைக் கழற்றிவிட்டார். கல்யாணத்துக்கும் குடும்பத்தோடு போய் வந்தார். அந்த அம்மாளிடம் தனியாக, "அந்தச் சட்டையைக் கொண்டுவாங்கம்மா" என்றாராம். "அதைக் கரித்துணியாக்கி ஒரு மாசம் ஆச்சு" என்று அவர் சிரித்தாராம். இனி அந்த வீட்டு ஜவுளி நம் நண்பர் கடைக்கு வருமா, வராதா என்பது அடுத்த தீபாவளிக்குத்தான் தெரியும். வராவிட்டாலும், இனி சாயம் இறங்கிய சட்டையோடு படியேறி வருகிறவர் யாரும் அங்கே சுவரைப் படித்துவிட்டுத் திரும்பிப் போக மாட்டார்.